எட்டு மாத ஈத்தும் இரட்டைக் குட்டி மரபணுவும்

வெள்ளாடு இரண்டு போடுகிறது, செம்மறி மட்டும் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது? பெரம்பலூர், அரியலூர் பக்கம் புதிதாக ஆட்டுப்பட்டி போடுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்த கேள்வி, இரட்டைக் குட்டி போடும் கிடா எங்கே கிடைக்கும் என்பது. இரண்டும் நியாயமான கேள்விகள். செம்மறியில் இரட்டைக் குட்டிக்கான மரபணு உண்டு, அது இந்தியாவிலேயே இருக்கிறது, அதை இன்னோர் இனத்துக்குள் கொண்டுபோய் வெற்றியும் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் இந்த இரண்டு மாவட்டங்களில் மேய்ச்சலை நம்பி நடக்கும் பட்டிகளுக்கு அந்தக் கிடாவைத் தேடுவது இரண்டாவது வேலைதான். முதல் வேலை, ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் இடையே வீணாகும் மாதங்களைக் குறைப்பது. அது ஏன் என்று புரிய, ஆட்டின் சினைப்பைக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பகுதிக்கு உரிய இனம் திருச்சி கருப்பு. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை பழைய திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவை என்பதால் பெயர் அப்படி அமைந்தது. ஆட்டின் வீடு என்னவோ இங்கேதான். சின்ன உடம்பு, உடல் முழுக்கக் கருப்பு, முரட்டு ரோமம், கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. மேச்சேரி, சென்னை சிவப்பு ஆடுகளும் அவற்றின் கலப்புகளும் இப்போது பரவலாக வந்துவிட்டன. மூன்று இனங்களுக்கும் பொதுவான ஒன்று, ஈத்துக்கு ஒரு குட்டி என்பது. இரட்டை அபூர்வம். இதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தரிசிலும் அறுவடைத் தாளிலும் மேய்ந்து, நாளெல்லாம் நடந்து, மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஓர் ஆட்டின் மடியில் ஒரு குட்டிக்கு மட்டுமே பால் இருந்த காலங்களில் இரட்டைக் குட்டிகளில் பெரும்பாலும் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

பெட்டை ஆடு சராசரியாக 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பருவம் ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை நீடிக்கும். அது முடியும் தறுவாயில் கருமுட்டை வெளியேறும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை விட, சினைப்பையில் பல முட்டைப்பைகள் ஒரே நேரத்தில் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொள்ளும். முந்திய பை ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபினையும் சுரக்கும். அவை இரண்டும் சேர்ந்து பிட்யூட்டரிக்கு ‘போதும்’ என்று சொல்ல, எஃப்.எஸ்.எச். அளவு சரியும். பின்தங்கிய பைகள் அந்தச் சரிவைத் தாங்காமல் வாடிப்போகும். முந்திய பை மட்டும் அதற்குள் எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை ஏற்கப் பழகியிருக்கும். அதை வைத்துக்கொண்டு முதிர்ந்து உடைந்து முட்டையை விடும். ஆக, ஒற்றைக் குட்டியா இரட்டையா என்பது அந்தச் சரிவு வரும்போது எத்தனை பைகள் பிழைத்து நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. தீனி, ஊசி, மரபணு மூன்றும் வேலை செய்வது இந்த ஒரே இடத்தில்தான், வேறு வேறு வழியாக.

மரபணுவின் வழி சுவாரசியமானது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பூரூலா என்ற பண்ணையின் மெரினோ ஆடுகள் மூன்று நான்கு குட்டிகள்கூடப் போட்டன. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து இதைச் செய்கின்றன என்றே முதலில் நினைத்தார்கள். ஒரே ஒரு பெரிய மரபணுதான் காரணம் என்று 1980-களின் தொடக்கத்தில் தெரிந்தது. அதற்கு ஃபெக்-பி என்று பெயர் வைத்தார்கள். 2001-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அதன் இடத்தைக் கண்டுபிடித்தன: ஆறாவது குரோமோசோமில், முட்டைப்பைச் செல்களின் ஏற்பி ஒன்றை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் ஏற்பியின் வேலையைக் கொஞ்சம் மந்தப்படுத்துகிறது. அதனால் பைகள் சிறியதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடுகின்றன. சாதாரண ஆட்டில் ஒரு பெரிய பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் இன்ஹிபினும் இங்கே இரண்டு மூன்று சின்னப் பைகளிலிருந்து வருகின்றன. எஃப்.எஸ்.எச். சரிய வேண்டிய நேரத்தில் சரியத்தான் செய்கிறது, ஆனால் அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பைகள் தயாராகிவிட்டிருக்கும். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ இந்த மரபணு ஒரு பிரதி வந்தால் ஒரு பருவத்தில் வெளியேறும் முட்டைகள் சுமார் ஒன்றரை கூடும். இரண்டு பிரதி வந்தால் சுமார் மூன்று கூடும்.

ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற இந்த மரபணுவின் ஊர் ஆஸ்திரேலியா அல்ல என்பது பின்னால் தெரிந்தது. 1790-களின் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் போன வங்காளத்து ஆடுகளோடு அது அங்கே போயிருக்க வேண்டும். சுந்தரவனத்துச் சதுப்பு நிலத்தில் வளரும் கரோல் என்ற குட்டையான செம்மறியில் அதே மாற்றம் இருப்பது 2002-இல் உறுதியானது. ஒடிசாவின் கேந்திரபாரா ஆட்டிலும் அது இருக்கிறது. நம் நீலகிரி ஆட்டில் அது இருப்பதும் 2013-இல் பதிவாகியிருக்கிறது. மகாராஷ்டிராவின் பல்டன் நகரில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோல் கிடாக்களை வரவழைத்துத் தக்காணி ஆட்டோடு சேர்த்து, மீண்டும் மீண்டும் பெரிய உடம்புள்ள இனத்தோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் ரத்தச் சோதனையால் மரபணு உள்ள குட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்தது. கரோலின் சின்ன உடம்பை விட்டுவிட்டு இரட்டைக் குட்டிக் குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வேலை அது. அப்படி வந்ததுதான் நாரி சுவர்ணா. ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி, ரோம ஆராய்ச்சி நிலையம் கரோல், மால்புரா, பட்டன்வாடி மூன்றையும் கலந்து அவிஷான் என்ற இனத்தை உருவாக்கியது.

பல்டன் பகுதி மேய்ப்பர்களின் மந்தைகளில், ஒரு பிரதி மரபணு உள்ள பெட்டைகள் ஈத்துக்கு ஏறத்தாழ ஒன்று என்ற நிலையிலிருந்து ஒன்றரைக் குட்டிக்கு அருகே வந்தன. அங்கேயும் மேய்ச்சல்தான், அங்கேயும் வறண்ட நிலம்தான், பிறகு இங்கே ஏன் தயக்கம் என்று கேட்கலாம். மரபணுக் கிடாவுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதை இதற்குப் பதிலாகவே சொல்லிவிடலாம். கணக்குக்காக 30 பெட்டை உள்ள பட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஓர் ஈத்து, ஈத்துக்கு ஒரு குட்டி என்றால் 30 குட்டி. அந்த 30 பெட்டைக்கும் ஒரு பிரதி மரபணு இருந்தால் சுமார் 45 குட்டி. மரபணு ஏதும் இல்லாமல் ஈத்து இடைவெளியைப் பன்னிரண்டு மாதத்திலிருந்து எட்டு மாதமாக்கினாலும் இரண்டு ஆண்டில் 90, ஆண்டுக்கு அதே 45. எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் குட்டிகள் ஒன்றல்ல. முதல் வழியில் பாதிக்கு மேற்பட்ட குட்டிகள் இரட்டையாய்ப் பிறந்தவை. ஒற்றைக் குட்டியே சுமார் இரண்டு கிலோ எடையில் பிறக்கும் இனத்தில் இரட்டைக் குட்டி அதற்கும் குறைவாகப் பிறந்து, பாதிப் பாலைக் குடித்து, மழைக்கால ஈரத்தில் முதலில் சாகும். இரண்டாவது வழியில் எல்லாம் ஒற்றைக் குட்டிகள், ஒவ்வொன்றுக்கும் முழு மடி. அதற்கு மேல், முதல் வழிக்குக் கிடா வாங்கி, அதன் பெண் குட்டிகள் வளர்ந்து, அவை ஈன்று பலன் தெரிய மூன்று ஆண்டாவது ஆகும். இரண்டாவது வழி அடுத்த ஈத்திலேயே தெரியும்.

எட்டு மாதம் என்பது எட்டாத கணக்கு அல்ல. சினைக்காலம் சுமார் 150 நாள். ஈன்ற பிறகு கர்ப்பப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மாதம் போதும். மீதி இரண்டு மாதத்துக்குள் ஆடு பருவத்துக்கு வந்து சினை பிடித்தால் 240 நாளில் அடுத்த குட்டி. பெரும்பாலும் இந்த இரண்டு மாதம்தான் ஐந்தாறு மாதமாக நீள்கிறது. அதற்கு இரண்டு காரணம். குட்டி மடியை முட்டிக் குடிக்கும்போது ஏற்படும் நரம்புத் தூண்டல் மூளையின் ஹார்மோன் துடிப்பை அடக்கி வைக்கிறது, எல்.எச். போதிய வேகத்தில் வராததால் முட்டைப்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. இரண்டாவது காரணம் உடல் இளைப்பு. கொழுப்புச் செல்களிலிருந்து வரும் லெப்டினும் ரத்தத்தில் ஓடும் இன்சுலினும் ‘இருப்பு இருக்கிறது’ என்று மூளைக்குச் சொன்னால்தான் சினைக்கான கதவு திறக்கும். பால் கொடுத்து எலும்பாகிப்போன ஆட்டில் அந்தச் செய்தி போவதில்லை. ஆகவே 60 நாளிலிருந்து 75 நாளுக்குள் குட்டியைத் தாய்ப்பாலிலிருந்து பிரிப்பதும், அதற்கு முன்பே குட்டிக்குத் தழையும் கொஞ்சம் தானியக் கலவையும் பழக்குவதும்தான் முதல் வேலை.

இளைப்பைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. ரோமம் ஏமாற்றிவிடும், அதிலும் திருச்சி கருப்பில். ஆட்டை நிற்க வைத்து, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இடுப்பு முதுகின் மேல் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். நடு முதுகெலும்பின் முள்களும் பக்கவாட்டு எலும்புகளின் நுனிகளும் கூராக விரலில் குத்தினால் அது 1 அல்லது 2. நுனிகள் மழுங்கி, அழுத்தினால் மட்டும் தெரிந்து, இரண்டுக்கும் நடுவே சதை நிரம்பியிருந்தால் 3. அழுத்தியும் எலும்பு தட்டாவிட்டால் 4, 5. கிடா சேர்க்கும்போது 2.5-க்கும் 3-க்கும் இடையில் இருப்பது போதும். அதற்குக் கீழே இருப்பவற்றுக்குக் கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மக்காச்சோளக் குருணையும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து நாளுக்கு 150 முதல் 200 கிராம் கொடுக்கலாம். தொடக்கம் 50 கிராம்தான். திடீரென்று மக்காச்சோளத்தைக் கொட்டினால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டம் பெரம்பலூர் என்பதால் இந்தத் தீனி உங்கள் களத்திலேயே இருக்கும். ஆஸ்திரேலியாவில் லூபின் பயறு கொடுத்துச் செய்த சோதனைகளில், பருவத்துக்கு முந்தைய ஆறு நாள் தீனியே முட்டை எண்ணிக்கையைக் கூட்டியது, உடல் எடை மாறாதபோதும்கூட. எஃப்.எஸ்.எச். சரிவில் வாடவேண்டிய பைகளில் ஒன்றிரண்டைக் குளுக்கோசும் இன்சுலினும் தாங்கிப் பிடித்ததுதான் அது. நம் இனங்களில் அதனால் இரட்டை பெருகும் என்று நம்ப வேண்டாம். இங்கே அதன் பலன், பருவத்துக்கே வராத ஆடுகள் பருவத்துக்கு வருவது. ஏற்கெனவே கொழுத்த ஆட்டுக்கு இந்தத் தீனி வீண் செலவு. சேர்ந்த பிறகு அளவுக்கு மீறிக் கொடுப்பதும் கெடுதல், ஏனென்றால் கல்லீரலில் ரத்த ஓட்டம் கூடிப் புரோஜெஸ்ட்ரோன் வேகமாகக் கழிந்துவிடும். கருவைத் தாங்குவது அந்த ஹார்மோன்தான்.

ஆண்டு முழுக்கக் கிடா பட்டியிலேயே நிற்கிறது, தானாகச் சினை பிடிக்கிறது, இதற்கெல்லாம் திட்டம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். குளிர்நாடுகளில் பகல் குறையும்போது மட்டுமே செம்மறி பருவத்துக்கு வரும். இருட்டில் சுரக்கும் மெலடோனின் அங்கே காலத்தை அறிவிக்கிறது. பெரம்பலூர் பதினோரு பாகை அட்சரேகையில் இருப்பதால் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆகவே நம் ஆடு எந்த மாதமும் சினை பிடிக்கும் என்பது சரி. அதே காரணத்தால், எந்த மாதத்தில் ஈன வேண்டும் என்பதை ஆடு தீர்மானிக்காது. நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். கிடா எப்போதும் கூட இருந்தால் குட்டிகள் சிதறிப் பிறக்கும், எந்தப் பெட்டை எத்தனை மாதமாகச் சும்மா நிற்கிறது என்பதே தெரியாது.

எட்டு மாதச் சுழற்சியில் எந்த வரிசையை எடுத்தாலும் மூன்றில் ஒன்று இடிக்கும். நவம்பர், ஜூலை, மார்ச் என்று கிடா சேர்த்தால் ஏப்ரல், டிசம்பர், ஆகஸ்ட் மாதங்களில் குட்டி பிறக்கும். டிசம்பர் குட்டிக்கு மழைக்குப் பிந்தைய பச்சை இருக்கிறது, அதையடுத்து மக்காச்சோளத் தாளும் பருத்திக் கொல்லையும் திறக்கின்றன. ஆகஸ்ட் குட்டிக்குக் கோடை மழைக்குப் பின் துளிர்த்த தழை. இடிப்பது ஏப்ரல் ஈத்து. அதற்கு அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் கடலைக் கொடியையும் பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளத் தட்டையையும் முன்பே போர் போட்டு வைக்க வேண்டும். கோடையில் உதிரும் சீமைக்கருவேலங்காயும் வெள்வேலங்காயும் கைகொடுக்கும். ஏப்ரல் ஈத்துக்குத் தீனி சேர்க்க முடியாதவர்கள் எட்டு மாதத்தை விட்டுப் பத்து மாதக் கணக்குக்குப் போகலாம். அப்போதும் பன்னிரண்டை விட லாபம்தான்.

இந்த வரிசையில் ஜூலைச் சேர்க்கையைக் கெடுப்பது பெட்டை அல்ல, கிடா. விதைப்பை உடல் சூட்டை விட நான்கைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்து உருவாகும். ஒரு விந்தணு உருவாகி வெளியேற ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது. கத்திரி வெயிலில் சுண்ணாம்புக்கல் காட்டில் நாளெல்லாம் நடந்த கிடாவின் விந்து ஜூலையில்தான் பழுதாக வெளிவரும். கிடா பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும், ஏறவும் செய்யும், பெட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். ஏப்ரல் பாதியிலிருந்து பொலிகிடாவைப் பகலில் மரநிழலில் கட்டித் தழை வெட்டிப் போடுவது ஒன்றுதான் வழி. 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா. சேர்க்கைக் காலம் 35 நாள், அதாவது இரண்டு பருவச் சுற்று. காவிப்பொடியைக் கடலெண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பூசுங்கள். அது ஏறிய பெட்டையின் பின்முதுகில் சிவப்புப் படியும். 17 நாள் கழித்துக் கரியோ நீலமோ மாற்றிப் பூசுங்கள். இரண்டாவது நிறமும் ஒன்றிரண்டு பெட்டையில் மட்டும் படிந்தால் கோளாறு பெட்டையில். பாதிக்கு மேல் படிந்தால் கிடாவில். மற்ற மாதங்களில் கிடாவைத் தனியே வைக்க இடம் இல்லாதவர்கள் வயிற்றுக்குக் கீழே சாக்குத் துணி கட்டி விடலாம். ஆனால் சில வாரம் கண்ணிலும் மணத்திலும் படாமல் இருந்து திடீரென உள்ளே வரும் கிடாவுக்கு ஒரு தனிப் பலன் உண்டு. அதன் மணம் பட்ட சில நிமிடங்களிலேயே, பருவம் நின்றுபோன பெட்டைகளில் எல்.எச். துடிப்பு கூடும். முதலில் வெளியாகும் முட்டைக்குப் பருவக்குறி தெரியாது. பெரும்பாலானவை மூன்று வாரத்தை ஒட்டி வெளிப்படையாகப் பருவத்துக்கு வரும். காசு செலவில்லாத ஹார்மோன் சிகிச்சை இது.

காசு செலவாகும் சிகிச்சையும் உண்டு. புரோஜெஸ்ட்ரோன் ஊறிய பஞ்சை 12 முதல் 14 நாள் பிறப்புறுப்பில் வைத்து எடுத்து, கர்ப்பிணிக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.எம்.எஸ்.ஜி. ஊசியைப் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் பருவத்துக்கு வரும். அவிகாநகர் நிலையமே இத்தகைய பஞ்சை உருவாக்கியிருக்கிறது. செயற்கை முறைக் கருவூட்டலுக்கு இது தேவை. ஆனால் இரட்டைக் குட்டிக்காக அந்த ஊசியின் அளவைக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எஃப்.எஸ்.எச். சரிவை அது முரட்டுத்தனமாகத் தடுக்கும். ஓர் ஆட்டுக்கு ஒன்று, இன்னொன்றுக்கு நான்கு என்று முட்டை வரும், திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்ளும்.

நம் ஆட்டிலேயே இரட்டை போட்டதைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் மெதுவாகத்தான் நகரும். பெரிய மரபணு இல்லாத இனங்களில் குட்டி எண்ணிக்கையில் தெரியும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் பரம்பரைக்குரியது. மற்றது தீனி, வயது, பருவகாலம். இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்தில் பட்டியிலேயே பெரிதாக நிற்கும் ஆண் குட்டியைத்தான் பொலிகிடாவுக்கு நிறுத்துகிறோம். பெரிதாக நிற்பது பெரும்பாலும் ஒற்றையாய்ப் பிறந்து முழுப் பால் குடித்தது. இரட்டையாய்ப் பிறந்து கொஞ்சம் சிறுத்த குட்டி கறிக்கடைக்குப் போய்விடுகிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாக இரட்டைக் குணத்தை நாமே கழித்துக்கொண்டு வருகிறோம். காதில் ஒரு வில்லை, நோட்டில் பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா, தாயின் முந்தைய ஈத்துத் தேதி. இவ்வளவு இருந்தால் இரட்டையில் நன்றாகத் தேறியதையும், எட்டொன்பது மாதத்தில் தவறாமல் ஈன்ற தாயின் குட்டியையும் அடையாளம் காணலாம். விதைப்பையின் சுற்றளவு பெரிதாக உள்ள கிடாவையும் விடாதீர்கள். அதன் பெண் குட்டிகள் சீக்கிரம் பருவத்துக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

மரபணுக் கிடா யாருக்கு என்றால், ஈத்து இடைவெளி ஒன்பது மாதத்துக்குள் வந்துவிட்ட, குட்டிச் சாவு குறைந்துவிட்ட, கொட்டிலில் வைத்துத் தீவனப்புல்லும் அடர்தீவனமும் போடுகிற பட்டிக்கு. வாங்கும்போது இரண்டு பிரதி உள்ள கிடாவா, ஒரு பிரதியா என்று ரத்தச் சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பிரதி என்றால் நம் பெட்டையில் பிறக்கும் எல்லாக் குட்டிக்கும் ஒரு பிரதி வரும். ஒரு பிரதி என்றால் பாதிக்குத்தான் வரும், எதற்கு வந்தது என்று மறுபடி சோதிக்க வேண்டும். கிடாவைப் பார்த்து இந்தக் குணத்தைச் சொல்ல முடியாது, அது கருமுட்டை போடுவதில்லையே. அந்தக் கிடாவை அதன் பெண் குட்டிகளோடு சேர்க்காதீர்கள். ரத்த உறவுக் கலப்பு ஒரு பக்கம், இரண்டு பிரதி உள்ள பெட்டை மூன்று நான்கு குட்டி போட்டுத் தானும் தவித்துக் குட்டிகளையும் இழப்பது இன்னொரு பக்கம். இரட்டைச் சினை உள்ள பெட்டைக்குக் கடைசி ஆறு வாரத்தில் அடர்தீவனம் கட்டாயம். வயிற்றை இரண்டு குட்டிகள் அடைத்துக்கொள்ளத் தழையை மட்டும் தின்று அதற்குத் தேவையான சத்தைச் சேர்க்க முடியாது. அப்படி விட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து, ரத்தத்தில் குளுக்கோஸ் இறங்கி, ஈனுவதற்குச் சில நாள் முன்பு தீனி எடுக்காமல், கண் தெரியாததுபோல் தனியே நிற்கும். மற்ற ஆடுகளோடு மேய்ச்சலுக்குக் கிளம்பாமல் பின்தங்கும் சினை ஆட்டை அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.